பீர் ஆப்பும் தேங்காய் விலையும்

என் தங்கச்சி மகனுக்குப் பெண் பேசி முடிவாகிற சமயத்தில்தான் அவன் என்னை பீர் ஆப்புக்கு டிசைன் போடச் சொன்னான். இரண்டும் வேறு வேறு சமயத்தில் நடந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

நான் தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம், ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் பிளெக்ஸ் டிசைன் போடுகிறவன். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. இந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், இதில் அதிகம் பேச வேண்டியதில்லை. வருகிறவர்கள் போட்டோ கொடுப்பார்கள், பெயர்களைச் சொல்வார்கள், யார் முகம் பெரியதாக வரவேண்டும் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊரில் பாதிப் பேருடைய முகம் என் கம்ப்யூட்டரில் கழுத்தோடு வெட்டி வைத்திருக்கிறது. தெருவில் எதிரே வந்தால் அவர்களில் ஒருவரிடமும் எனக்குப் பேச வராது.

நான் பீர் குடித்ததில்லை. கொள்கை என்றெல்லாம் இல்லை. குடிக்க வேண்டுமானால் யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும். அந்தக் கூச்சம்தான்.

தங்கச்சி மகன் பெங்களூரில் கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து சொந்தமாக ஏதோ கம்ப்யூட்டர் வேலை செய்கிறான் என்பது வரை எனக்குத் தெரியும். ஒருநாள் போனில் விளக்கமாகச் சொன்னான்.

"கிராஃப்ட் பீர்னு ஒண்ணு மாமா. பெரிய கம்பெனி சரக்கு இல்ல. சின்னச் சின்ன இடத்துல அவங்களே காய்ச்சறாங்க. மாம்பழம் போட்டு ஒண்ணு, காப்பிக்கொட்டை போட்டு ஒண்ணு, தேங்காய் போட்டு ஒண்ணு. எது எங்க கிடைக்கும், எப்படி இருக்கும்னு ஜனங்க தேடிக் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் இந்த ஆப்."

"காய்ச்சறாங்கன்னா, போலீஸ் வராதா மாப்ள?"

"லைசென்ஸ் வாங்கித்தான் மாமா காய்ச்சறாங்க."

"லைசென்ஸ் இருந்தா அப்பறம் எதுக்குத் தேடிக் கண்டுபிடிக்கணும்?"

அவன், அதை விடுங்க என்று விஷயத்துக்கு வந்தான். பெங்களூரில் இப்போது பிளெக்ஸ் மாதிரி, லாரி எழுத்து மாதிரி போடுவதுதான் நாகரிகமாம். படித்த பிள்ளைகள் மெனக்கெட்டு அதைப்போல வரைந்து பழகுகிறார்களாம். "நமக்குத்தான் வீட்டுலயே ஒரிஜினல் இருக்கே" என்றான். நான் ஒரிஜினல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதே வாரம் பேராவூரணிப் பக்கத்துப் பெண்வீட்டார் வந்து பையனைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தென்னந்தோப்புக்காரர்கள். பெண்ணின் அப்பா சிங்கப்பூரில் ரொம்ப நாள் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்பதுதான். என் தங்கச்சி, "டீ கூடத் தொட மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். அது உண்மை. அவனுக்கு பீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ருசி பார்க்கிற வேலையைக் கூட்டாளிகள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்வி, "என்ன தொழில்?" தங்கச்சி, "ஆப் பண்றான். சாப்பாடு சம்பந்தமா" என்றாள். இதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. என்னிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அழைத்தால் என்னை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவான். அவளிடம் மட்டும் பீர் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவள் நன்றாகச் சிரித்துவிட்டு, "எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவன் நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். தங்கச்சிக்கு அது கல்யாணம் முடியட்டும், பேரன் பிறக்கட்டும் என்று போனது. எத்தனையோ ஜாதகம் தட்டிப்போய் அமைந்த இடம். பீர் என்ற ஒரு வார்த்தை பேராவூரணிக்குப் போனால் எல்லாம் முடிந்தது.

நான் இங்கே முதல் பக்கத்தைப் போட்டு முடித்திருந்தேன். நடுவில் பீர் பாட்டில், அதற்குப் பின்னால் சூரியக் கதிர், இடது பக்கம் அருவி, வலது பக்கம் நெல் வயல், நாலு மூலையிலும் ரோஜா. மேலே வட்டத்துக்குள் கூட்டாளிகள் மூன்று பேரும் கைகூப்பி நிற்கிற படம். அடியில் "வருக வருக". என் கைக்கு நன்றாகவே வந்திருந்தது. அனுப்பினேன்.

"மாமா, கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"நீங்க மூணு பேரும்தான். முதலாளி முகம் இல்லாம எப்படிப் போடறது?"

"கொஞ்சம் வெறும் இடம் விடணும் மாமா. ஒயிட் ஸ்பேஸ்னு சொல்வாங்க. பாக்கறவங்களுக்கு மூச்சு விட இடம் வேணும்."

"வெறும் இடம் விட்டா பார்ட்டி சண்டைக்கு வரும் மாப்ள. சதுர அடிக்குத்தானே காசு வாங்கறோம்? காலியா விட்டா ஏமாத்தறோம்னு அர்த்தம்."

"இது போன் மாமா. இதுல சதுர அடி கிடையாது."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அருவியை எடுத்தேன். ரோஜாவை மனசில்லாமல் எடுத்தேன். முகங்களை எடுப்பதற்கு முன்னால் மட்டும் மூன்று பேரிடமும் சம்மதம் கேட்டுவிடச் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு முகத்தை எடுத்தால் ஒரு கோஷ்டியே கிளம்பி வரும். பெங்களூரில் மூன்று பேரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் முகம் வேண்டாம் என்று சொல்கிற முதலாளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து அவன் சொன்னதுதான் பெரிய தொல்லை. "குடிக்கிறவங்ககிட்டப் போய்ப் பேசுங்க மாமா. அவங்க எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு கேளுங்க. அப்பத்தான் டிசைன் வரும்."

பேசுவது என்னால் ஆகாது, பார்த்துவிட்டாவது வரலாம் என்று அரசாங்கக் கடைக்குப் போனேன். தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்தபடியே நின்றேன். எல்லா முகமும் எனக்குத் தெரிந்த முகமாகத்தான் இருந்தது. அவர்களும் குனிந்துகொண்டிருந்ததால் தப்பித்தோம். பின்னால் இருந்தவர்கள் தள்ளித் தள்ளி, வேண்டாம் என்று நகர்வதற்குள் நான் கம்பிக்கு முன்னால் போய்விட்டேன்.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே" என்றார் உள்ளே இருந்தவர்.

"பீர்ல என்னென்ன இருக்குங்க?" என்றேன்.

வரிசை மொத்தமும் சிரித்தது. "அண்ணன் ஓட்டல்னு நெனச்சு வந்துட்டாரு. இட்லி, வடை, பொங்கல்னு சொல்லுப்பா" என்றார் ஒருவர். இன்னொருவர், "புதுசு போல. விடுங்கய்யா, பாவம்" என்று எனக்காகப் பேசினார். உள்ளே இருந்தவர் மட்டும் பொறுமையாக, "கூலிங் இருக்கு, கூலிங் இல்லாதது இருக்கு. எது?" என்றார். எங்கள் ஊரில் தேர்ந்தெடுக்கிற முறை அவ்வளவுதான். நான் ஒரு பாட்டிலோடு வெளியே வந்தேன்.

போன காரியம் முழுக்க வீண் இல்லை. ஒன்றைக் கவனித்தேன். வாங்கிய ஒவ்வொரு ஆளும் பாட்டிலைக் கறுப்பு கேரி பேக்கில் போட்டு, அதை வண்டிப் பெட்டிக்குள் வைத்து மூடி, சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகு வேறு ஆளாகிவிடுகிறார். காய்கறி வாங்க வந்தவர், மருந்துக் கடைக்கு வந்தவர். அந்தக் கேரி பேக் இல்லாமல் இந்த வியாபாரமே இல்லை. பெங்களூர்க்காரர்கள் போட்டிருந்த திட்டத்தில் அது இல்லை.

அதனால் என் டிசைனில் மேல் மூலையில் ஒரு கறுப்புக் கேரி பேக் படம் வைத்தேன். யாராவது பக்கத்தில் வந்தால் அதை அமுக்க வேண்டும். உடனே பீர் மறைந்து பெரிய எழுத்தில் 'இன்றைய தேங்காய் விலை' என்று வரும். பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று ஊர் வாரியாக, என் மனசுக்குத் தோன்றிய விலைகளைப் போட்டுவைத்தேன். ஒரு மாதிரிக்குத்தானே!

"மாமா, இங்க ஜோடி ஜோடியா போய்க் குடிச்சிட்டு போட்டோ எடுத்து ஊருக்கே காட்டறாங்க. யாருகிட்ட மறைக்கணும்?" என்றான்.

"உங்க அம்மாகிட்ட" என்றேன்.

"சரி, இருக்கட்டும்" என்றான். எல்லாவற்றையும் ஒட்டவைத்து, அமுக்கினால் வேலை செய்கிற மாதிரி என் போனுக்கே அனுப்பினான். அமுக்கி அமுக்கிப் பார்த்து, சரியில்லாததைச் சொல்லச் சொன்னான்.

மறுநாள் காலையில் தங்கச்சி போன் செய்தாள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஜவுளி எடுக்கத் தஞ்சாவூர் வருகிறார்களாம். நிச்சயதார்த்த பிளெக்ஸை சம்பந்தி வீட்டுக் கடையிலேயே போட்டுவிடலாம் என்று என் கடைக்கும் வருகிறார்களாம். பிளெக்ஸுக்கு மட்டும் வரவில்லை, பையனைப் பற்றி விசாரிக்கத்தான் வருகிறார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். டீக்கடை, மெடிக்கல், பையன் படித்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்று எல்லா இடமும் விசாரித்து முடித்து, மிச்சம் இருந்தது தாய்மாமன் மட்டும்தான்.

"அண்ணே, நீ வாயையே தொறக்காத" என்றாள் தங்கச்சி. "உனக்குத்தான் பேச வராதே. அது இன்னைக்காவது குடும்பத்துக்கு உபயோகப்படட்டும்."

பெண்ணின் அம்மா துணிக்கடையில் புடவை பார்க்கப் போய்விட, அப்பா மட்டும் படிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். உயரமான மனிதர். உட்கார்ந்ததும் காலை நீட்டினார். மேசைக்குக் கீழே டங் என்று சத்தம் கேட்டது. நான் பார்த்து வரைவதற்காக வாங்கி ஒளித்துவைத்திருந்த பாட்டில். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிடுவீங்களா?"

"இல்லீங்க. பாத்து வரையறதுக்கு."

"நல்லாயிருக்கே! இந்தக் காரணத்தை நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

திரையில் இருந்ததை மறைக்கக் கை போனது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். நுரை ததும்புகிற டம்ளர், பக்கத்தில் பீர் பெயர், கீழே கசப்புக்கு இத்தனை, புளிப்புக்கு இத்தனை என்று சின்னச் சின்ன டம்ளர்கள்.

"இது என்னங்க?"

"ஆப்புங்க."

"யாரு பண்றது?"

தங்கச்சி சொன்னபடியே நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பதில் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இதான் சாப்பாடு சம்பந்தமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "மாப்பிள்ளை குடிப்பாரா?"

"ஒத்துக்காதுங்க. வயித்துக்கு. கூட்டாளிங்க ரெண்டு பேர்தான் ருசி பாக்கறது."

"நிஜமாவா?"

"சின்ன வயசுல மோர் குடிச்சாலே அவனுக்கு ஆகாதுங்க." இது எதற்கு வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவருக்கு அதுதான் நம்பிக்கை கொடுத்தது போலிருந்தது. போனில் ஆப் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணம் சொல்லத் தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கல்யாணம் நின்றுபோன வீட்டில் தங்கச்சி உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த மாதிரி கறுப்பு பீரு கசக்கும். நீங்க கசப்புக்கு ஒரு டம்ளர்தான் போட்டிருக்கீங்க. கூட்டிப் போடுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிங்கப்பூர்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒண்ணு உண்டு. ஊருக்கு வந்ததும் விட்டாச்சு. விட்டாச்சுன்னா, வீட்டுல தெரிய விட்டாச்சு."

தேங்காய் பீர் வந்ததும் சத்தமாகச் சிரித்தார். "தோப்புல மரத்துல ஏறிக் கள்ளு எறக்கினா பிடிச்சு உள்ள வைப்பாங்க. அதே தோப்புக் காயை லாரியில ஏத்தி பெங்களூருக்கு அனுப்பி, பீர்ல போட்டா, அது எங்க கிடைக்கும்னு காட்டறதுக்கு ஆப்பு! நல்ல தொழில்தாங்க." பிறகு கேரி பேக்கைத் தொட்டு, இது எதற்கு என்றார். சொன்னேன். அமுக்கிப் பார்த்தார். தேங்காய் விலை வந்தது. திரும்ப அமுக்கினார். பீர் வந்தது. ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"சிங்கப்பூர்ல எங்க மொதலாளி ஒரு சீனரு. பீர்க்கடையும் வச்சிருந்தாரு" என்றார். "கடையில விக்கிற சரக்கை அவர் வாயில வச்சே நான் பாத்ததில்ல. அந்தத் தெருவுல கடைசி வரைக்கும் நின்னது அவர் கடை ஒண்ணுதான்." இது சம்மதமா, சும்மா ஒரு பேச்சா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே படிக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டது. பெண்ணின் அம்மா.

அவர் விரல் என்னைவிட வேகம். கேரி பேக்கை அமுக்கிவிட்டார்.

"இவ்வளவு நேரம் அப்படி என்னதான் பாக்கறீங்க?"

"தேங்காய் விலை."

அந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார். "எழுத்து நல்லா பெரிசா இருக்கே! கண்ணாடி இல்லாமயே தெரியுது. யாரு பண்ணது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். "மாப்பிள்ளைதான்" என்றார்.

"அடக் கடவுளே, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? சாப்பாடு சம்பந்தமான ஆப்புன்னதும் வண்டியில பொட்டலம் கொண்டுபோய்க் குடுக்கிற வேலை போலன்னு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல." சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தவர் பேராவூரணியில் நின்றார். "என்னங்க இது, காய் இந்த விலைக்கா போகுது? நம்ம வியாபாரி இதுல பாதிதானே குடுக்கறான்? நல்லா மொட்டை அடிச்சிருக்கான் பாருங்க!"

அது என் கற்பனை விலை என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்ணின் அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

பிறகு பிளெக்ஸுக்கு வந்தோம். பெண்ணின் பெயர், படிப்பு. மாப்பிள்ளையின் பெயர், படிப்பு. அதற்குக் கீழே வேலை. எங்கள் பக்கம் அந்த வரிதான் முக்கியம். வந்தவர்கள் பந்திக்குப் போவதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்கள்.

"தேங்காய் விலை ஆப் நிறுவனர்னு போடுங்க. பெரிசா" என்றார் அந்த அம்மா.

பெண்ணின் அப்பா தாடையைத் தடவினார். பீர் என்று போட முடியாது. தேங்காய் என்று போட அவருக்கு மனசு வரவில்லை. "பிளெக்ஸு லேசுல கிழியாதும்மா. விசேஷம் முடிஞ்சதும் தோப்புக்குத்தான் கொண்டுபோவோம், காய்க்குவியல் மேல மூடறதுக்கு. வருஷக்கணக்கா அதுல நாம எழுதினதையே நாம படிச்சிட்டுக் கிடக்கணும். வேலையெல்லாம் வேணாம்." என்னிடம் திரும்பினார். "அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க."

"வெறும் இடமாவா?"

"வெறும் இடமாவே."

என் தொழிலில் நான் காலியாக விட்ட முதல் இடம் அது. ரோஜா வைக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அதற்கும் சதுர அடிக் கணக்கில்தான் வாங்கினேன்; அவர் சண்டைக்கு வரவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் அதன் முன்னால் ஒரு கூட்டம் நின்றது. "படிப்பு போட்டிருக்கு, வேலை போடலையே?" என்றார் ஒருவர். "வெளியே சொல்லக் கூடாத வேலைப்பா. ராணுவத்துல கம்ப்யூட்டர் பக்கமா இருக்கும்" என்றார் இன்னொருவர். "அப்படித்தான் இருக்கும். அந்தப் பிள்ளை அதிகமா பேசவே இல்ல பாருங்க" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். அவன் பேசாததற்குக் காரணம், மாமனார் எப்போது பீரைப் பற்றிக் கேட்பாரோ என்ற பயம். மாமனார் தெரிந்துகொண்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். தட்டு மாற்றியதும் அவர் அவன் காதில் ஏதோ சொன்னார். "கறுப்பு பீருக்கு இன்னும் கசப்பு கூட்டிப் போடலையா?" என்று கேட்டாராம். அவன் உடனே என்னைத் தேடிக்கொண்டு வந்தான். நான் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் ஆகி, ஆப்பும் வெளியே வந்துவிட்டது. என் டிசைனில் மிஞ்சியது கேரி பேக் ஒன்றுதான். பெங்களூர்க் கூட்டாளிகள் அதையும் எடுத்துவிட வேண்டும் என்றார்களாம். மாமியார் தினமும் காலையில் மாமனார் போனை வாங்கித் தேங்காய் விலை பார்க்கிறார், எடுத்தால் குடும்பம் போய்விடும் என்று இவன் தடுத்துவிட்டான். பெண்ணுக்கும் சிரிப்புதான், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் விலை சரியாக இருக்க வேண்டும். என் கற்பனை விலையை நம்பி மாமியார் வியாபாரியோடு சண்டை போட்டு, அந்த ஆள் தோப்புப் பக்கமே வராமல் போய், காயை வேறு ஆளுக்குக் கொடுக்கும்படி ஆகிவிட்டது.

அதனால் இப்போது காலையில் கடை திறந்ததும் எனக்கு பெங்களூரிலிருந்து போன் வருகிறது.

"மாமா, பேராவூரணில காய் இன்னைக்கு என்ன விலை?"

நான் தேங்காய் மண்டிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். தெரியாத ஆளோடு பேசுவதென்றால் எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மண்டிக்காரருக்கு என் குரல் பழகிவிட்டது. "என்ன சார், இன்னைக்கும் காய் இல்லையா?" என்கிறார். என்னிடம் ஒரு தென்னை மரமும் இல்லை. இவ்வளவு விலை கேட்டு ஒரு காயும் விற்காத ஆள் யாராக இருக்கும் என்று அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. பெரிய தோப்புக்காரர், விலை ஏறட்டும் என்று பிடித்துவைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பார் போல. போன வாரம் முதல் என்னை முதலாளி என்று கூப்பிடுகிறார்.